விட்டான் பார் ஒரு ஷாட்!

போன இதழில், வேலைக்குத் தேர்வு எழுதும் ஒரு தம்பிக்குப் பதில் சொல்லும்போது 'அந்தப் பதவி உனக்குக் கொஞ்சம் லாங் ஷாட்தான், இருந்தாலும் விண்ணப்பம் போட்டு வை' என்று எழுதிவிட்டேன். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள் மேஜையில் குவிந்து கிடக்கின்றன. லாங் ஷாட் என்பது சினிமாவில் கேமராவைத் தள்ளி வைத்து எடுப்பதுதானே, அது உத்தியோகத்துக்குள் எப்படி நுழைந்தது என்று ஒருவர் கோபமாகவே கேட்டிருக்கிறார். சரி, கடலூர், புதுச்சேரி வாசகர்களுக்கு இந்தச் சொல்லோடு ஏதோ பூர்வஜென்ம பந்தம் போலிருக்கிறது, அப்படி ஒன்று உண்மையிலேயே இருக்கவும் இருக்கிறது, கீழே வரும். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இந்த முறை முழுக்க ஷாட்.

மகன் அமெரிக்காவில் இருக்கிறான். பேத்திக்கு இரண்டு மாதம். நேற்று வாட்ஸ்அப்பில் 'பாப்பாவுக்கு இன்று ஷாட்ஸ்' என்று ஒரு வரி மட்டும் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டான். அந்த ஊர்ச் செய்திகளைப் பார்த்துப் பழகிய எனக்கு ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. விடிந்ததும் பக்கத்து வீட்டுப் பெண்தான் விளக்கினாள். ஊசிக்குப் போய் இப்படி ஒரு பெயரா?
*— ஒரு பாட்டி, நெல்லிக்குப்பம்*

அம்மா, உங்கள் மகனுக்கு என் சார்பில் நாலு வார்த்தை சொல்லுங்கள். தடுப்பூசிக்கு அமெரிக்காவில் ஷாட் என்றுதான் பெயர். இதையே பிரிட்டனில் இருந்து எழுதியிருந்தால் 'ஜாப்' என்று வந்திருக்கும், அதற்குக் குத்து என்று பொருள், அதுவும் உங்களைத் தூங்க விட்டிருக்காது.

ஷாட் என்பது ஷூட் என்ற வினையின் பிள்ளை. ஷூட் என்றதும் துப்பாக்கி ஞாபகம் வருவது நம் தப்பில்லை, ஆனால் துப்பாக்கி பிறப்பதற்குப் பல நூறு வருடம் முன்பே அந்தச் சொல் புழக்கத்தில் இருந்தது. எறிவது, ஏவுவது, சட்டென்று பாய்வது, இதுதான் அதன் பழைய பொருள். ஆகவே தமிழில் இதற்கு இணை தேடும்போது 'சுடு' என்று போனால் வழி தப்பிவிடும். 'விடு' என்று போக வேண்டும். அம்பு விட்டான் என்கிறோம், ராக்கெட் விட்டார்கள் என்கிறோம், கோலைப் பார்த்து ஒரு பந்து விட்டான் என்கிறோம், கொல்லையில் வேம்பு துளிர் விட்டிருக்கிறது என்கிறோம். இத்தனைக்கும் ஆங்கிலத்தில் ஷூட் உண்டு. செடியின் துளிருக்கே ஷூட் என்றுதான் பெயர், மூங்கில் குருத்து பேம்பூ ஷூட். இன்னும் ஒன்று சொன்னால் சிரிப்பீர்கள், ஒருவன் வாய்க்கு வந்தபடி அளந்து 'விட்டால்' அதற்கு பிரிட்டிஷ் பேச்சுவழக்கில் 'ஷூட் எ லைன்' என்பார்கள். கதை விடுகிறான் என்பதுதான், வேறென்ன.

ஊசியும் அப்படித்தான், மருந்தை உள்ளே சர்ரென்று விடுகிறார்கள். அதிலிருந்து கிளைத்ததுதான் 'ஷாட் இன் தி ஆர்ம்'. படுத்துக் கிடந்த தொழிலுக்கோ சங்கத்துக்கோ திடீரென்று பணமோ உதவியோ வந்து எழுந்து உட்கார்ந்தால் அப்படிச் சொல்வார்கள். நாம் குளுக்கோஸ் ஏற்றினாற்போல் என்போமே, அதே. பேத்திக்கு ஊசி போட்ட இடத்தில் லேசாக வீங்கினால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் தானாகவே வடிந்துவிடும். இவ்வளவு சின்னக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் மட்டும் காத்திருக்காமல் உடனே அங்கேயே டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

தேவனாம்பட்டினம் கோட்டையை விற்றபோது பீரங்கி சுட்டு நிலம் அளந்தார்கள் என்று எங்கள் தாத்தா சொல்வார். உண்மையா, கதையா? உண்மை என்றால் 'லாங் ஷாட்' அதிலிருந்து வந்ததா?
*— கல்லூரி மாணவர், தேவனாம்பட்டினம்*

முதல் பாதி உண்மை. இரண்டாவது பாதிக்கு இல்லை என்றுதான் சொல்வேன், ஆனால் லாங் ஷாட்டை விட ருசியான வேறு ஒரு சொல் அங்கே புதைந்து கிடக்கிறது.

1690. செஞ்சியில் மராட்டிய அரசர் ராஜாராம். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் எலிஹு யேல், அதே யேல்தான், பிற்பாடு 1718இல் அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்கு இவர் பெயரை வைத்தார்கள். கெடிலம் ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த கோட்டையை ராஜாராமிடமிருந்து கம்பெனி விலைக்கு வாங்கியது. அதுதான் புனித டேவிட் கோட்டை. கோட்டையோடு சேர்த்து எவ்வளவு நிலம் என்று வரும்போது, ஒப்பந்தத்தில் சங்கிலி அளவு கிடையாது, காணிக் கணக்கு கிடையாது. கோட்டையிலிருந்து ஒரு பீரங்கியின் 'ரேண்டம் ஷாட்' எட்டும் வரை உள்ள ஊர்கள் எல்லாம் என்று இருந்தது. அந்தக் கால எழுத்தில் ஷாட்டுக்குக் கடைசியில் டி இரண்டு போட்டிருப்பார்கள். அப்புறம் என்ன, திசைக்கு ஒன்றாகக் குண்டு விட்டார்கள். குண்டு போய் விழுந்த இடம் வரை கம்பெனியுடையது. கடலூர் நகரமே அந்த வட்டத்துக்குள் வந்துவிட்டது. அப்படிப் போன ஊர்களுக்குத்தான் குண்டு கிராமங்கள் என்று பெயர். சுட்டது வாங்கியவன், அளந்ததும் வாங்கியவன். இந்த மாதிரி ஒரு சர்வேயர் கிடைத்தால் நம் ஊர் மனை வியாபாரிகள் விடுவார்களா?

இப்போது அந்த ரேண்டமைக் கவனியுங்கள். இன்று காலேஜ் பிள்ளைகள் 'யாரோ ரேண்டமா ஒருத்தன் வந்து பேசினான்' என்கிறீர்கள், ஏதோ ஒன்று, எவனோ ஒருவன் என்ற பொருளில். ஆனால் அந்தச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது, தலைதெறிக்கப் பாய்வது என்று பொருள். பீரங்கிக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். குறி பார்த்து நேராகச் சுடுவது ஒரு வகை, பீரங்கியின் வாயை நன்றாக மேலே தூக்கி எவ்வளவு தூரம் போகுமோ போகட்டும் என்று விடுவது இன்னொரு வகை. இரண்டாவதுதான் ரேண்டம் ஷாட். அவ்வளவு தூரம் போகிற குண்டு எங்கே விழும் என்று விட்டவனுக்கே தெரியாது இல்லையா, அங்கிருந்துதான் 'குறியில்லாமல்' என்ற இன்றைய பொருளுக்கு வந்து சேர்கிறது. ஆக ஒப்பந்தத்தில் ரேண்டம் என்று போட்டது ஏனோதானோ என்று அல்ல தம்பி, அதிகபட்ச தூரம் என்று தெரிந்துதான் போட்டிருக்கிறார்கள். அந்தச் சொல்லின் பொருள் எதிர்த்தரப்புக்கு எவ்வளவு தூரம் புரிந்திருக்கும் என்று யோசித்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

நம்மிடமும் இந்த மாதிரி அளவு உண்டு, குண்டு இல்லாமல். கூப்பிடு தூரம், கல்லெறி தூரம், அம்பு விடு தூரம். கூப்பிடு தூரத்துக்கு ஆங்கிலத்தில் 'இயர்ஷாட்' என்கிறார்கள், காதுக்கு எட்டுகிற தூரம். 'மாமியார் இயர்ஷாட்டில் இல்லை' என்றால் நிம்மதியாகப் பேசலாம் என்று அர்த்தம்.

கோட்டை அப்புறம் ராபர்ட் கிளைவ் கைக்கு வந்து, 1758இல் லாலி தலைமையில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து இடித்து, இப்போது மிச்சமிருப்பது கொஞ்சம்தான். சில்வர் பீச்சுக்குப் போகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் அந்தப் பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை.

அப்போ லாங் ஷாட்டுக்கும் 'ஷாட் இன் தி டார்க்'குக்கும் என்ன வித்தியாசம்?
*— வாசகி, திருப்பாதிரிப்புலியூர்*

லாங் ஷாட் என்றால் குறி தெரிகிறது, தூரம் அதிகம், பட்டாலும் படலாம். ஷாட் இன் தி டார்க் என்றால் குறியே தெரியவில்லை, இருட்டில் கல் விடுவது, குருட்டாம்போக்கு. குதிரைப் பந்தயத்தில் ஜெயிக்க வாய்ப்பு மிகக் குறைவான குதிரையைத்தான் லாங் ஷாட் என்பார்கள், அதன் மேல் கட்டி ஜெயித்தால் பணம் கொட்டும், அதற்காகவே கட்டுகிறவர்களும் உண்டு. அந்தத் தம்பிக்கு நான் சொன்னது இந்தப் பொருளில். 'நாட் பை எ லாங் ஷாட்' என்றால் மட்டும் கதவை இழுத்துச் சாத்திவிட்டார்கள் என்று அர்த்தம், கிட்டவே வராது.

எங்கள் பாட்டனார் சொல்தா. வீட்டில் கொஞ்சம் பிரெஞ்சு புழங்கும். ஷாட்டுக்கு பிரெஞ்சில் ஒரே சொல் சொல்லச் சொன்னால் அப்பா சிரிக்கிறார், 'கூ' என்கிறார், குயில் மாதிரி. உண்மையா முசியே?
*— வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி*

உங்கள் அப்பாவுக்கு ஒரு வணக்கம். வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வரி: பிரெஞ்சு ராணுவத்தில் சேவை செய்து ஓய்வூதியம் வாங்கும் குடும்பத்தாரைப் புதுச்சேரியில் சொல்தா என்பார்கள், பிரெஞ்சில் படைவீரன் என்ற சொல்தான் நம் வாயில் இப்படி ஆனது.

கூ சரிதான். எழுதும்போது கடைசியில் ஒரு பி இருக்கும், உச்சரிக்க மாட்டார்கள். துப்பாக்கி வெடித்தால் கூ, கத்திக்குத்து கூ, உதை கூ, போனில் கூப்பிட்டால் 'கூ த ஃபில்', வெயிலில் தோல் கருகினால் 'கூ த சொலேய்', சட்டென்று வீசும் காற்று 'கூ த வான்', நண்பர்கள் சேர்ந்து ஒரு மடக்குப் போட்டால் அதுவும் கூ, ராணுவம் ஆட்சியைப் பிடித்தால் பேப்பரில் எல்லா மொழியிலும் வருகிற 'கூ தெத்தா'. ஷாட்டை விட இது பெரிய ராட்சசன்.

ஆனால் ஒரு விஷயம் பாருங்கள். இந்தக் கூ லத்தீன் வழியாகக் கிரேக்கம் வரை போகிறது, அங்கே அதற்கு அறை, கன்னத்தில் விழுகிற அடி என்று பொருள். ஆங்கிலேயன் 'விடு' என்று ஆரம்பித்தான், பிரெஞ்சுக்காரன் 'அடி' என்று ஆரம்பித்தான். மேலே நான் எழுதிய பட்டியலைத் தமிழில் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். போன் அடி. வெயில் அடிக்கிறது. காற்று அடிக்கிறது. தண்ணி அடித்தான். ஒரு வரி மாற்ற வேண்டாம்! எந்த ஊரில் யார் யாருக்குக் கற்றுக் கொடுத்தார்கள் என்று சண்டை போட வேண்டாம், இரண்டும் தனித்தனியாக வளர்ந்ததுதான், மனுஷனுக்குக் காற்றும் வெயிலும் எங்கேயும் அறைந்த மாதிரிதான் இருக்கும் போல. எனக்கு இதில் ஆச்சரியம், தமிழ் இரண்டு கடையிலும் கணக்கு வைத்திருக்கிறது. கிரிக்கெட்டில் பையன்கள் 'அடிச்சான் பாரு ஒரு ஷாட்டு' என்றும் சொல்கிறார்கள், 'விட்டான் பாரு ஒரு ஷாட்டு' என்றும் சொல்கிறார்கள். முதலாவது பிரெஞ்சு வழி, இரண்டாவது இங்கிலீஷ் வழி.

அதனால்தான் ஷாட்டுக்கு ஒரே தமிழ்ச் சொல் என்ன என்று கேட்டு எழுதிய பதினோரு பேருக்கும் தனித்தனியாகப் பதில் போடவில்லை. போய்ப் படும் இடத்தைப் பார்த்தால் அடி, புறப்படும் இடத்தைப் பார்த்தால் விடு.

பட்டுப்புடவைக் கடையில் 'இது ஷாட் கலர்ம்மா' என்று விலையைக் கூட்டிச் சொல்கிறார்கள். ஷார்ட் கலர் என்று நினைத்து, நிறம் குறைச்சலுக்கு விலை ஏன் கூட என்று சண்டை போட்டுவிட்டேன்.
*— குறிஞ்சிப்பாடி வாசகி*

தறி ஊரில் இருந்துகொண்டு கடைக்காரரிடம் தோற்கலாமா? பக்கத்து வீட்டுத் தறியில் போய் நின்று பார்த்தாலே விளங்கிவிடும். நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை நூல் வேறு நிறம். பாவில் பச்சை, ஊடையில் ஊதா என்று வைத்துக்கொள்ளுங்கள், புடவையை விரித்துப் பிடித்தால் பச்சை, கொசுவம் மடிந்தால் ஊதா, நடந்தால் இரண்டும் மாறி மாறி ஓடும். நம் அம்மாக்கள் மயில் கழுத்து என்று சொன்னது இந்த ஜாதிதான். இதை ஆங்கிலத்தில் 'ஷாட் சில்க்' என்பார்கள். பாவு இழைகளுக்கு நடுவே, ஊடை நூலைச் சுமக்கும் நாடா ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சர்ரென்று பாய்கிறது இல்லையா, ஒவ்வொரு பாய்ச்சலும் ஒரு ஷாட். அந்த நாடாவுக்கே ஆங்கிலத்தில் ஷட்டில் என்று பெயர், அதுவும் இதே வேரில் பிறந்தது, ஆதியில் எறி ஈட்டி என்று பொருள். கடைசியில் இது சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் நடுவே போய்ப் போய் வருகிற ஷட்டில் பஸ் வரைக்கும் வந்துவிட்டது. கதவைச் சாத்துகிற ஷட்டும் இந்தக் குடும்பம்தான், தாழ்ப்பாளைக் குறுக்கே விருட்டென்று தள்ளுவதில் ஆரம்பித்தது.

ஒரு நிறத்துக்குள் இன்னொரு நிறம் ஊடுருவி ஓடுவது என்ற இதே பொருளில்தான் 'பிளட்ஷாட்' வருகிறது, கண் வெள்ளையில் சிவப்பு இழை ஓடுவது. ராத்திரி முழுக்க விழித்த கண். ஆக உங்கள் புடவையும் நெல்லிக்குப்பம் பாட்டியின் கண்ணும் ஒரே இலக்கணம். கடைக்காரர் விலையைக் கூட்டியது சரியா என்று கேட்டால், இரண்டு நிறத்தில் சாயம் போட்டு நூல் வாங்க வேண்டும்தான், ஆனால் அவர் சொன்ன தொகை எனக்கே அதிகமாகப் படுகிறது.

பம்ப் செட் ரிப்பேர் பார்க்கிறேன். ஆரோவில் பக்கம் ஒரு வெள்ளைக்கார அம்மா 'தி பம்ப் ஈஸ் ஷாட்' என்று சொல்ல, ஷார்ட் ஆகிவிட்டது என்று நினைத்து, மெகர் என்ற மின்காப்புச் சோதனைக் கருவி வைத்து வைண்டிங் முழுக்கச் சோதித்தேன். சுத்தமாக இருந்தது. கடைசியில் பார்த்தால் பேரிங் தேய்ந்து ஆடுகிறது. அந்தம்மா ஏன் தப்பாகச் சொன்னார்?
*— மெக்கானிக், வில்லியனூர்*

தப்பாகச் சொல்லவில்லை தம்பி. ஷார்ட் என்றால் மின்சாரம் குறுக்கு வழியில் போவது, அதற்கு ஆங்கில எழுத்தில் நடுவே ஓர் ஆர் இருக்கும். அந்தம்மா சொன்னது ஆர் இல்லாத ஷாட், தேய்ந்து போச்சு, அவுட், இனிமேல் உபயோகமில்லை என்று பொருள். பிரேக் ஷாட் என்பார்கள், நரம்பு ஷாட் என்பார்கள், அதாவது மனசு ஓய்ந்துவிட்டது. நம் வாயில் இரண்டுமே 'ஷாட்டு' என்று வருவதால் இந்த வம்பு. அடுத்த முறை யாராவது அப்படிச் சொன்னால் முதலில் ஷாஃப்டை ஆட்டிப் பாருங்கள், அப்புறம் மெகரை எடுங்கள்.

பெரிய ஆள்களை 'பிக் ஷாட்' என்பது ஏன்?
*— பெயர் வேண்டாம், மஞ்சக்குப்பம்*

முன்பு 'பிக் கன்' என்றார்கள், பெரிய பீரங்கி. அப்புறம் அமெரிக்காவில் பிக் ஷாட் ஆனது. தமிழில் பெரிய புள்ளி. உங்கள் தெருவில் இருக்கிறவரைப் பற்றி நீங்கள் எழுதிய மீதி நாலு பக்கத்தைப் போட முடியாது, மன்னிக்கவும்.

செய்தித்தாளில் வேலை பார்த்த நீங்கள் ஷாட்டில் சறுக்கியதே இல்லையா?
*— வாசகர், பண்ருட்டி*

பலாப்பழ ஊர்க்காரர், முள்ளைப் பார்த்துக் கேட்கிறீர்கள். சறுக்கியிருக்கிறேன்.

புதுச்சேரியில் ஒரு சின்னப் பத்திரிகையில் உதவி ஆசிரியராகச் சேர்ந்த புதிது. ராத்திரி ஷிப்ட். ஏஜென்சியில் இருந்து ஆங்கிலச் செய்தி துண்டு துண்டாக வரும், மொழிபெயர்த்துத் தர வேண்டும். வட மாநிலத்தில் ஒரு அமைச்சர் எதிர்க்கட்சித் தலைவர் மீது 'பாட்ஷாட்' எடுத்தார் என்று ஒரு வரி. மணி பதினொன்றரை, பக்கம் மூடப் போகிறார்கள், அகராதி மேலதிகாரியின் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. ஷாட் என்றால் சுட்டார், சந்தேகமே இல்லை. 'எதிர்க்கட்சித் தலைவர் மீது அமைச்சர் துப்பாக்கிச் சூடு' என்று தலைப்புக் கொடுத்து, மூன்று பத்தித் தலைப்பாக வைக்கும்படியும் சொல்லிவிட்டேன். பேஜ் மேக்கப் செய்கிற அண்ணன் பத்தாம் வகுப்பு தாண்டாதவர், அவர்தான் பசைத் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: 'ஏன் சார், அமைச்சரே சுட்டிருந்தா இந்நேரம் நம்ம ஆபீஸ் போன் இப்படிச் சும்மாவா இருக்கும்?' அந்தக் கேள்விதான் என் வேலையைக் காப்பாற்றியது.

பாட்ஷாட் என்றால் என்ன? பாட் என்பது சமையல் சட்டி. வேட்டையை விளையாட்டாக நினைக்கும் பெரிய மனிதர்களுக்கு விதிமுறை உண்டு, உட்கார்ந்திருக்கும் பறவையைச் சுடக்கூடாது, பறக்க விட்டுத்தான் சுட வேண்டும் என்று. ராத்திரி குழம்புக்கு ஏதாவது கிடைத்தால் சரி என்று நினைப்பவன் அதெல்லாம் பார்ப்பானா, கண்ணில் பட்டதைச் சும்மா ஒரு வெடி விடுவான். சட்டிக்காகச் சுட்டது, பாட்ஷாட். இன்று பேச்சில், வாட்டமாகக் கிடைத்தவர் மீது போகிற போக்கில் ஒரு குத்தல் விடுவதற்கு அந்தப் பெயர். அமைச்சர் பாவம், கிண்டல்தான் செய்திருக்கிறார்.

வேட்டையில் பிறந்த இன்னொரு சொல்லை நாம் எல்லோரும் சட்டைப்பையில் வைத்திருக்கிறோம். நிதானமாகக் குறி பார்க்காமல் திடுக்கென்று சுடுவதை ஸ்னாப்ஷாட் என்றார்கள். 1860இல் ஜான் ஹெர்ஷல் என்ற விஞ்ஞானி அதைப் புகைப்படத்துக்குப் பயன்படுத்தினார். அப்போது ஒரு படத்துக்குப் பல விநாடி அசையாமல் உட்கார வேண்டும், நொடியில் எடுப்பது என்பது கனவு. 1882இல் மாரே என்ற பிரெஞ்சுக்காரர் துப்பாக்கி வடிவத்திலேயே ஒரு கேமரா செய்து, விசையை அழுத்தினால் விநாடிக்கு 12 படம் எடுத்தார், பறவை பறப்பதை ஆராய்வதற்கு. அதனால் புதுச்சேரியில் பீச் ரோட்டை மறித்து ஷூட்டிங் என்று போர்டு வைக்கும்போது யாரை யார் சுடுகிறார்கள் என்று கேட்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் இந்த வம்சத்தின் கடைசிப் பேரன், அவனால் உடைந்த குடும்பங்கள் துப்பாக்கியால் உடைந்ததை விட அதிகம் இருக்கும்.

'அப்ஷாட்' என்றும் ஒன்று இருக்கிறது, அதிலும் யாரும் சாகவில்லை. வில்வித்தைப் போட்டியில் கடைசியாக விடும் அம்பு. அதனால் 'கடைசியில் விஷயம் என்னவென்றால்' என்ற பொருள். கிளம்பிப் போகும்போது விட்டுப் போகும் பேச்சுக்கு 'பார்ட்டிங் ஷாட்' என்பார்கள். பழைய பாரசீகப் பக்கத்துப் பார்த்தியர்கள் ஓடுகிற குதிரையில் பின்னால் திரும்பி அம்பு விடுவதில் கெட்டிக்காரர்கள், கி.மு. 53இல் ரோமானியப் படையை நாசம் செய்தவர்கள், அவர்கள் பெயரில் 'பார்த்தியன் ஷாட்' என்றும் உண்டு. நம் வீடுகளில் சம்பந்தி வாசல்படி தாண்டும்போது சொல்லிவிட்டுப் போவாரே ஒரு வரி, அது.

தப்பு செய்துவிட்டுத் தண்டனை இல்லாமல் போவதை 'ஸ்காட் ஃப்ரீ' என்கிறார்கள். ஸ்காட்லாந்துக்காரர்களுக்குச் சலுகையா?
*— சிதம்பரம் வாசகர்*

அவர்கள் காதில் விழுந்தால் வருத்தப்படுவார்கள். இந்த ஸ்காட் நம் ஷாட்டின் அண்ணன். வரி, பங்குத்தொகை என்று பொருள். நடுவில் எல்லோரும் விட்டெறியும் காசு, கிட்டத்தட்ட மொய் மாதிரி. கள்ளுக்கடையில் அவரவர் பங்குக் கணக்கை அடைப்பதற்கும் ஒரு காலத்தில் ஷாட் கொடுப்பது என்றே பெயர். காசு கொடுக்காமல் நழுவினவன் ஸ்காட் ஃப்ரீ.

பெண் பெங்களூரில் இருந்து வந்தாள், ஒயிட் டவுனில் ஒரு காபிக்கடைக்கு அழைத்துப் போனாள். 'டபுள் ஷாட்' என்று ஆர்டர் கொடுத்ததும் காபிக்கடையில் சரக்கா என்று திடுக்கிட்டேன். கௌபாய்கள் ஒரு தோட்டாவைக் கொடுத்து விஸ்கி வாங்கியதால்தான் ஷாட் என்று பெயர் வந்ததாமே?
*— குருசுக்குப்பம் வாசகர், புதுச்சேரி*

தோட்டாக் கதை நன்றாக ஓடுகிறது, ஆதாரம் ஏதும் கிடையாது, விட்டுவிடுங்கள். ஒரே மடக்கில் தொண்டைக்குள் விடுவது, அவ்வளவுதான். அமெரிக்க ஷாட் சுமார் 44 மில்லி. நம் ஊர்க் கணக்கில் ஸ்மால் 30, லார்ஜ் 60, ஆக அது இரண்டுக்கும் நடுவில் நிற்கிற ரகம், புதுச்சேரிக்காரருக்கு நான் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

காபியில் ஷாட் என்றால் எஸ்பிரெஸ்ஸோ ஒரு முறை இறக்குவது, ஏறத்தாழ 30 மில்லி. நம் பில்டரில் வெந்நீர் தன் பாட்டுக்கு டிகாஷனாகச் சொட்டுகிறது, அந்த மிஷினில் அரை நிமிடத்துக்குள் அழுத்தத்தில் பீய்ச்சி விடுகிறார்கள். டபுள் ஷாட் என்றால் டிகாஷன் தூக்கலாக, ஸ்ட்ராங்கா ஒண்ணு. பில்லைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன், அந்தக் காசுக்கு நேரு வீதியில் ஒரு வாரம் காபி குடிக்கலாம்தான்.

தீபாவளிக்கு '60 ஷாட்' வெடி வாங்கினோம். எண்ணினால் 54தான்.
*— ஆறாம் வகுப்பு மாணவன், புதுநகர்*

கண்ணா, ஷாட் என்றால் மேலே எத்தனை முறை விடுகிறது என்ற கணக்கு. ஆறு நமத்துப் போயிருக்கும். எண்ணியது நல்ல காரியம். தள்ளி நின்று எண்ணினாயா?

நான் மாவட்ட அளவில் ஷாட்புட் போடுகிறேன். 'நல்லா த்ரோ பண்ணினேன் சார்' என்றதற்கு பி.டி. மாஸ்டர் எல்லோர் முன்னாலும் திட்டிவிட்டார். குண்டு எறிதல்தானே அது?
*— பிளஸ் டூ மாணவி, கடலூர் முதுநகர்*

ஷாட் என்றால் அந்த உலோகக் குண்டேதான், பீரங்கிக் குண்டின் வாரிசு. தேவனாம்பட்டினத்தில் ஊர் அளந்ததும் இதன் பாட்டனார்தான். வேட்டைத் துப்பாக்கியில் போடும் சின்னச் சின்ன ஈயக் குண்டுகளுக்கும் ஆங்கிலத்தில் ஷாட்தான் பெயர், நாம் அதற்கு ரவை என்கிறோம், உப்புமா ரவைக்குச் சொல்கிற அதே சொல். புட் என்பது வைப்பது என்று பள்ளியில் படித்திருப்பாய், இங்கே அதற்குப் பழைய பொருள், தள்ளுவது. பெண்களுக்கு 4 கிலோ, ஆண்களுக்கு 7.26 கிலோ, அந்த எடையைக் கழுத்தோடு ஒட்டி வைத்து ஒரு கையால் தோளிலிருந்து தள்ள வேண்டும். கையைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய், பந்து எறிகிற மாதிரி எறிந்தால் ஃபவுல், அளக்கவே மாட்டார்கள்.

தமிழில் 'குண்டு எறிதல்' என்று பெயர் வைத்தவர் யாரோ, அவர் குண்டு போட்டுப் பார்த்தவராக இருக்க முடியாது. மாஸ்டர் சொன்னதுதான் சரி. எல்லோர் முன்னாலும் திட்டியது கொஞ்சம் அதிகம்.